ஆணி மரம்

சாயப்பட்டறையில் காலை டீக்குச் சங்கு ஊதப் பத்து நிமிடம் இருந்தபோது ரம்பம் கிறீச்சிட்டு நின்றது. காசிமாயன் சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கட்டைக்குள் இரும்பு.

பாய்லருக்கு மலையிலிருந்து வரும் விறகு எப்போதும் சில்வர் ஓக்தான். தேயிலைக்கு நிழலாக வைத்த மரம். இது அயினி, காட்டு மரம். பட்டை முழுக்க ஆணித் தலைகள். ஒன்றில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் தன் வீட்டுக் கதவிலிருந்து அவரே பிடுங்கிய ஆணி.

எஸ்டேட் இருந்த அந்த மலை ஒரு காலத்தில் முழுக்கக் காடு. வெள்ளைக்காரத் துரை முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அதை அழிக்கக் கீழே இருந்து ஆட்களைக் கொண்டுபோனான். காசிமாயனின் பூட்டன் அவர்களில் ஒருவர். வெட்டினார்கள், எரித்தார்கள். மழை பிடிக்கும்வரை புகை அடங்கவில்லையாம். கடைசியாக நின்ற ஓர் அயினியில் கோடாரி வைக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. காட்டில் இருந்த ஆவியெல்லாம் இதில் வந்து ஏறியிருக்கிறது என்றார்கள். துரை சாட்டையை வீசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அதன்பின் லயத்தில் யார் செத்தாலும் அந்த மரத்தில் அவர் பெயருக்கு ஓர் ஆணி. அது இருக்கும்வரை செத்தவர் அலையமாட்டார்.

எஸ்டேட் மூடி, அதன் ஆஸ்பத்திரியும் மூடிய வருடம் காசிமாயனின் மனைவி கருத்தம்மா காய்ச்சலில் போனாள். அவள் பெயருக்கு அந்தப் பச்சை ஆணியை மரத்தில் அடித்துவிட்டு அவர் திருப்பூருக்கு இறங்கினார்.

"ஏனுங்ணா, பேயக் கண்டாப்புல நிக்கறீங்க?" பாய்லர் சூப்பர்வைசர் குமாரசாமி வந்தான்.

"கட்டைல ஆணி கெடக்கு தம்பி."

"கெடந்துட்டுப் போகுதுங். அடுப்புக்குப் பல்லா ஒடையப் போகுது?"

காசிமாயன் அந்தக் கட்டையைச் சுவரோரம் உருட்டிவிட்டார். மற்றதையெல்லாம் அறுத்துப் போட்டார்.

மத்தியானம் வரவேண்டிய விறகு லோடு வரவில்லை. லாரி வழியில் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. பாய்லரின் அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் சாயத் தொட்டியில் துணி பாதிச் சிவப்பில் வெந்துகொண்டிருந்தது. விறகு போடும் இடம் வெறுந்தரையாகிவிட்டது. சுவரோரம் அந்தக் கட்டை மட்டும் வெயிலில் கிடந்தது. காசிமாயன் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பச்சை ஆணி வெயிலில் சுட்டது. அதன்மேல் வைத்த கட்டைவிரலை அவர் எடுக்கவில்லை.

குமாரசாமி ஓடி வந்தான்.

"ஸ்டீம் விட்டுப்போச்சுன்னா துணி பூராத் திட்டுத்திட்டா ஆயிருமுங்ணா."

அவன் கட்டையைப் பார்த்தான். குனிந்து ஒரு முனையில் கை கொடுத்தான்.

"இது ஒண்ணுதானுங்ணா மிச்சம். அந்தப் பக்கம் நீங்க புடிக்கறீங்களா?"