அப்பா என்னும் விளி

வடக்கே போலாரத்துப் பாசறைகளின்மேல் கறுத்துத் திரண்ட கார்முகில், தார்நாகாவின் ஆய்வுக்கூடத் தோட்டங்களை நனைத்துவிட்டு, லாலாகுடாவை எட்டும்போது மட்டும் களைத்துப்போய் வெறுந்தூறலாய் இளைக்கும் ஆனி மாதத்து மாலை அது. தொடர்வண்டிப் பணிமனையின் சங்கு ஊதிற்று, பெருங்கதவு திறந்தது, எண்ணெய்க் கறை படிந்த சட்டையும் ஒழிந்த சோற்றுத்தூக்குமாய்த் தொழிலாளர்கள், மிதிவண்டியில் சிலரும் கால்நடையாய்ப் பலரும், தெலுங்கும் தக்கணி உருதும் தமிழும் ஒரே நாவில் மாறி மாறிப் புரளக் குடியிருப்பை நோக்கிக் கலைந்தனர். அவர்களுள் எவரோடும் பேசாமல் மிதிவண்டியை உருட்டிச் சென்றவர் ஏனோக், வண்டிச் சக்கரங்களைக் கடைசல் பிடிப்பவர். முரட்டு இரும்பை மயிரிழை பிசகாமல் வழிக்குக் கொண்டுவரத் தெரிந்த அவருக்கு, வீட்டிலிருந்த சிறுமி ஒருத்தியின் வாயிலிருந்து ஒரு சொல்லை வரவழைக்கத் தெரியவில்லை.

அச்சொல் யாதென்று கேட்பீராயின், படிப்பவரே, அஃது அரிய சொல்லன்று, 'அப்பா' என்பதுதான். மரியபுஷ்பத்தின் முதற்கணவன் ஞானதுரை காய்ச்சலில் மறைந்து, மகள் பிளெசி ஓரளவு வளர்ந்த பின்னர், நாற்பது கடந்தும் மணமுடிக்காதிருந்த ஏனோக் அக்கைம்பெண்ணைக் கைப்பிடித்தார். அன்றுமுதல் பிளெசி அவரிடம் மதிப்புக் குறைவாய் ஒன்றும் பேசியதில்லை; பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அழைத்ததும் இல்லை. தொலைவிலிருந்தால் அருகே வந்து நின்று, அவர் தாமாய்த் திரும்பும் வரை காத்திருப்பாள். இந்நிலையில்தான் தந்தையர் ஞாயிறு நெருங்கியது. அவர்களுடைய திருச்சபையில் அன்று பிள்ளைகள் ஒவ்வொருவராய் முன்சென்று, தந்தையைப் பற்றி இரண்டொரு சொல் பேசி, கையிலுள்ள பூவை அவருக்குக் கொடுப்பது வழக்கம். சென்ற ஆண்டு பிளெசி தன் பூவை இருக்கையிலேயே வைத்துவிட்டாள். அதை எடுக்கவும் மாட்டாமல், விட்டுவரவும் மாட்டாமல், ஊரார் பார்க்க ஏனோக் விழித்த விழிப்பு அவருக்குத்தான் தெரியும். இவ்வாண்டும் அப்படியே ஆகிவிடுமோ என்ற அச்சம் அவரை உள்ளூர அரித்தது.

மரியபுஷ்பமோ திருநெல்வேலித் தமிழை எத்தனை ஊர் மாறினும் விடாதவள். மகளைக் கண்டபோதெல்லாம் பொரிந்தாள்.

"ஏட்டி, அந்த மனுசன் ஒனக்கு என்ன கொற வச்சாரு? அப்பான்னு ஒரு வார்த்த சொன்னா வாயா வெந்துரும்?"

பிளெசி தொலைக்காட்சியை முடுக்கினாள். ஹைதராபாத்துப் பெண்பிள்ளைகளைப் பித்தாக்கிய கொரிய நாட்டுத் தொடர் ஒன்று அப்போது ஓடிற்று. அதில் ஒரு சிறுமி மழையில் ஓடிவந்து கொரிய மொழியிலேயே 'அப்பா!' என்று கூவ, அடுக்களையில் காய் அரிந்துகொண்டிருந்த ஏனோக், இத்தனை நாள் அடக்கிவைத்த ஆவலெல்லாம் ஒன்றாய்ப் பொங்க, "என்னம்மா!" என்று கத்தியோடு ஓடிவந்து நின்றார். தம்மை அழைத்தவள் திரைக்குள் இருக்கிறாள் என்று கண்டதும் காது சிவந்து திரும்பப் போனார். பிளெசி சிரிக்கவில்லை, அவரை முதன்முறையாக உற்றுப் பார்த்தாள்.

"அவங்களுக்கும் அப்பான்னா அப்பாதானா? எப்படிங்க?" என்றாள்.

அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் வலிய வந்து கேட்ட முதற்கேள்வி ஆயிற்றே; விடுவாரா? மறுநாள் மாலை இருவரும் அக்கம்பக்கத்தில் கேட்டறியப் புறப்பட்டனர். ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்து குடியேறியிருந்த சுமலதா வாசலிலேயே சிரித்தாள். "மா ஊர்ல அப்ப அண்டே அக்க!" என்றாள்; அவர்கள் ஊரில் அப்ப என்றால் மூத்த தமக்கையாம். பணிமனைத் தோழர் சலீம், "ஹவ், ஹமாரே கர் மே படி பெஹன் கூ ஆபா போல்தே" என்றார். அங்கும் அச்சொல் சற்று நீண்டு 'ஆபா' என்றொலிக்க, தமக்கையே வந்து நின்றாள். ஏசுபிரான் பேசிய அரமேய மொழியிலும் தந்தை 'அப்பா' என்பதைத் திருச்சபை ஆயர் எடுத்துரைத்தார். கைபேசியில் துழாவிய பிளெசி, ஜார்ஜியா என்னும் மலைநாட்டில் தந்தைக்கு 'மாமா' என்று பெயரென்று கண்டு, குதித்துக்கொண்டு ஓடிவந்து சொன்னாள். அதைவிட வியப்பு, இச்சொற்களின் பிறப்புக்கு மொழியறிஞர் பலர் கூறும் விளக்கம். பல்லில்லாப் பிள்ளை உதடு ஒட்டிப் பிரிக்கையில் தானாய் எழும் ஒலிகளே இவை. அப்பிள்ளை எவரையும் அழைப்பதில்லை. அருகில் ஏங்கிக் கிடக்கும் பெரியவர் 'என்னைத்தான் அழைத்தது' என்று அள்ளிக்கொள்கிறார். ஒரு நாட்டில் தந்தை முந்தினார், வேறொரு நாட்டில் தாய் முந்தினாள். பிளெசி இதைப் படித்துக் காட்டியபோது, 'ஏங்கிக் கிடக்கும் பெரியவர்' என்ற இடத்தை மட்டும் மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டார் ஏனோக்.

சனிக்கிழமை மாலை மரியபுஷ்பம் மீண்டும் வாயெடுத்தாள். "நாளைக்கி மட்டும் அப்பான்னு சொல்லாம வந்தியோ..."

"விட்டுடு புஷ்பம்," என்றார் ஏனோக். "அந்த வார்த்தைய நான் கேக்கல. அவ தரணும்னு தோணுனா தரட்டும், இல்லாட்டி நக்கோ, வேண்டாம்." கதவருகே நின்ற பிளெசி அதைக் கேட்டாள்.

மறுநாள் காலை திருச்சபை நிறைந்திருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராய்ச் சென்று பூக்கொடுத்துத் தந்தையரைக் கட்டிக்கொண்டனர். முறை வந்ததும் பிளெசி எழுந்தாள்; கொரியச் சிறுமியையும் ஸ்ரீகாகுளத்து அக்காவையும் ஜார்ஜிய நாட்டு மாமாவையும் அவள் தன் பேச்சில் வரிசையாய் அழைத்துவர, அவையோர் சிரித்து மகிழ்ந்தனர். பின்னர் அவள் குரல் இறங்கிற்று.

"எனக்கு அப்பான்னா எங்க ஞானதுரை அப்பா. அந்த வார்த்தைக்கு ஆள் இருக்கு. அத எடுத்து வேற யாருக்கும் குடுக்க முடியல. ஆனா இவங்களுக்கு ஒரு வார்த்த வேணும். எல்லா லாங்வேஜ்லயும் தேடுறேன், இவங்களுக்குச் சரியானது இன்னும் கெடைக்கல. கெடைக்கிற வரைக்கும் இத வச்சுக்கோங்க."

நேராய் வந்து பூவை நீட்டினாள். மரியபுஷ்பம் முந்தானையால் முகம் பொத்திக்கொண்டாள். எண்ணெய் ஏறிய விரல்களால் அதை வாங்கிய ஏனோக், "மெதுவா தேடும்மா, அவசரம் நக்கோ" என்றார்.

அழைக்கப்படுதல் பெரும்பேறு என்பதை யாரே மறுப்பர்? ஆயினும், உலகத்து மொழிகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, எதுவும் இவருக்குப் போதவில்லையென்று ஒரு பிள்ளை இன்னும் தேடிக்கொண்டிருக்குமாயின், அந்த மனிதரை உறவற்றவர் என்று எவர் சொல்லத் துணிவார்? அச்சொல் இன்றளவும் கிடைத்திலது, தேடலும் நின்றபாடில்லை, ஏனோக்கின் முகத்தில் பழைய வாட்டத்தை மட்டும் காணோம்.