பதில் பேசாத மெக்கானிக்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அழுகை மகள்களுக்கு, கிண்டல் மருமகள்களுக்கு. செத்தவரின் துணியைப் போட்டுக்கொண்டு, அவர் நடந்த மாதிரி நடந்து, ஏசின மாதிரி ஏசி, வந்தவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். புதைக்கிற வரைக்கும் முரோராவை, அதாவது மருமகளை, யாரும் கோபிக்கக் கூடாது. அவள்தான் அன்றைக்குச் செத்தவர்.

என் மாமனார் மோயோ செத்த அன்று அவருடைய நீல ஓவராலை மேவிஸ் என் மடியில் போட்டாள். மேவிஸ் எனக்கு ஓரகத்தி முறை. "நீ போடு செகெசாய், நான் போட்டா பின்பக்கம் கிழிஞ்சு அவருக்கு இன்னொரு தடவை உசிரு போகும்" என்றாள். நான் மறுக்கவில்லை. உள்ளுக்குள் ஆசையாகக்கூட இருந்தது. யாரைப் பார்த்தாலும் இவர் ஏன் இப்படி என்று நோண்டிக்கொண்டே இருக்கிற புத்தி எனக்கு. மோயோவைப் போல நோண்டத் தோதான ஆளை நான் பார்த்ததே இல்லை.

ஹராரேயில் ஹைஃபீல்ட் பக்கம் மெக்கானிக்குகள் வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கும் தெருவில் அவருடைய கடை. முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை வீடு. சட்சா என்கிற சோளக்களி கிளறும் வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றாகவே வரும். நானும் என் கணவன் பட்சிராயும் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம். ஆனால் நான் தினமும் காலையில் வந்து மாமியாருக்குச் சமையலில் கை கொடுத்துவிட்டுப் போவேன். மாமியாரை அமாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

அப்படிப் போய்வந்ததில் நான் பார்த்து வைத்தது கொஞ்சமில்லை. வண்டிக்காரன் வந்து வாயைத் திறப்பதற்குள் மோயோ கையைக் காட்டி நிறுத்துவார். "நீ ஒண்ணும் சொல்லாத, வண்டியே சொல்லட்டும்" என்பார். பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் நீளமான திருப்புளியைப் பல்லில் கடித்து, அதன் நுனியை எஞ்சின் மேல் வைத்து நிற்பார். மோயோ எஞ்சினை நக்கிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார் என்று தெருவில் பேச்சு. அலமாரி மேல் ஒரு ரேடியோ நாள் முழுக்கப் பாடாமல் இரைந்துகொண்டே இருக்கும். நான் ஒருநாள் அதைத் திருகிப் பாட்டு வைத்தேன். அவருக்கு இரைச்சலும் ஒன்றுதான், பாட்டும் ஒன்றுதான்.

நான் பேசும்போது என் வாயையே உற்றுப் பார்ப்பார். புது மருமகளின் வாயை மாமனார் இப்படிப் பார்த்தால் என்ன நினைப்பது? எனக்குக் கூசியது. கையால் வாயை மூடிக்கொண்டு பேசினேன். அதற்கு அவர் போட்ட சத்தத்தில் சட்சாப் பானையே கை நழுவியது.

எல்லாவற்றையும்விட மோசம், அவர் முகமன் சொன்னால் திருப்பிச் சொல்ல மாட்டார் என்பது. எங்கள் ஊரில் ஒருவரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம், ஆனால் காலை வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பின்னாலிருந்து யாராவது கைதட்டிக் கும்பிட்டால் இவர் திரும்பக்கூட மாட்டார். முன்னால் வந்து நின்றால் ஒருவேளை தலையை ஆட்டுவார். திமிர் பிடித்த கிழவன் என்று ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போனார்கள். எதிர்க்கடை முகான்யாவுடையது. அங்கே வருகிறவர்களுக்கு டீயும் உண்டு, குடும்ப நலம் விசாரிப்பும் உண்டு. மோயோவின் பட்டறையில் கடைசியில் இரண்டு பழைய கொம்பி வேன்களும் புழுதியும்தான் மிச்சம்.

அந்த முகான்யாவிடம்தான் என் கணவன் வேலை பார்த்தான். அதுவும் ஒரு கதை. பட்சிராய் வாலிபத்தில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க் போனவன். அங்கேதான் என்னைக் கட்டினான். கை காய்ந்து போய் இருவரும் திரும்பி வந்த அன்றைக்கே நேராகப் பட்டறைக்குப் போனான். ஒரு மகன் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டிருக்கிறான். அப்பாவுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கைகளை மெதுவாகத் தட்டி, குரலைத் தாழ்த்தி, தப்பு செய்துவிட்டேன் பாபா, என்னை மறுபடி கடையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறான். எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த மோயோ திரும்பவே இல்லை. ஸ்பேனரை மாற்றி எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாராம். பட்சிராய் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து, தெருவைக் கடந்து முகான்யாவிடம் போய்விட்டான். கேட்டு அவமானப்பட்டதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான்.

அன்றிலிருந்து ஒரே தெருவில் எதிரும் புதிருமாக அப்பாவும் பிள்ளையும். பேச்சுவார்த்தை கிடையாது. பிறகு ஒரு மதியம் மோயோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொம்பியின் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

பட்சிராய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடக்கம் முடிந்ததும் கடைச் சாவியை முகான்யாவிடம் கொடுத்துவிட்டு ஜோஹன்னஸ்பர்க் பஸ் ஏறப் போவதாகச் சொல்லிவிட்டான். அப்பா சாகும்போது மனதில் கோபம் வைத்துக்கொண்டு போன இடத்தில் தான் ஸ்பேனர் பிடித்தால் விளங்காதாம். கடை போனால் பின்னால் இருக்கும் இரண்டு அறையும் போகும். மெக்கானிக் இல்லாத இடத்தில் குடியிருக்கத் தெருச் சங்கம் விடாது. அமாய் எங்கே போவாள் என்று கேட்டேன். கூடக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். அறுபது வயதில் அவள் அந்த ஊரின் அடுக்குமாடியில் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் துக்க வீட்டில் புருஷனோடு சண்டை போட மருமகளுக்கு உரிமை கிடையாது. நையாண்டி செய்யத்தான் உரிமை.

அடக்கத்தன்று காலையில் பட்டறையைக் கூட்டி, மோயோவின் பெட்டியைக் கொண்டுவந்து, அவர் எஞ்சின் இறக்கி வைக்கும் மரச் சட்டங்களின் மேலேயே வைத்தார்கள். ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி, பெண்கள் உள்ளே பாயில். மத்தளம் அடித்தார்கள். நான் ஓவராலை மாட்டிக்கொண்டு, கால்சட்டை முனையை மடித்துவிட்டு, வெளியே இறங்கினேன்.

முதலில் திமிரை நடித்தேன். மோவாயைத் தூக்கினேன், மார்பை நிமிர்த்தினேன், வணக்கம் சொன்னவர்களை மேலும் கீழும் பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஆனால் சுமாராகத்தான். பழைய வாடிக்கையாளர் ஒருவர் தலையை ஆட்டினார். "ஆள் இவரில்ல, இது யாரோ மந்திரி" என்றார். எனக்கு ரோஷமாகிவிட்டது. கொம்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். திருப்புளியை எடுத்துப் பல்லில் கடித்து எஞ்சின் மேல் ஊன்றினேன்.

மத்தளமும் பாட்டும் சிரிப்பும் அத்தனை சத்தம், பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்கவில்லை. ஆனால் அந்த எஞ்சின் என் மண்டைக்குள் ஓடியது. ஒவ்வொரு தட்டலும் பல் வழியாக ஏறித் தெளிவாகக் கேட்டது. நான் அசந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். மேவிஸ் பின்னால் வந்து கைதட்டி எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லியிருக்கிறாள். நான் திரும்பவில்லை. கூட்டம் வெடித்துச் சிரித்தது. "இதான்! இதான் மோயோ!" என்று அந்த வாடிக்கையாளர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

நடிக்காதபோதுதான் நான் அச்சு அசல் மோயோவாக இருந்திருக்கிறேன். திமிரை நடித்தால் அவர் வரவில்லை. காது கேட்காதபோது வந்தார். வாயையே பார்த்த கண், இரைந்த ரேடியோ, யாரையும் பேச விடாத கை, எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. திருப்புளி வாயிலிருந்து நழுவியது. நிமிர்ந்து பார்த்தால், கதவோரப் பாயில் கறுப்புத் துணி போர்த்தியிருந்த அமாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின் அறைக்குப் போனேன். அவளும் வந்தாள். நேராகக் கேட்டேன், பாபாவுக்குக் காது கேட்காதா என்று.

அவள் கதவைச் சாத்தினாள். பட்சிராய் ஜோஹன்னஸ்பர்க் போன பிறகு போன காது, பல வருடமாகவே கேட்காது என்றாள். கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் உதைப்பாளாம், அதிர்வில் திரும்புவாராம். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டாராம்.

"செவிட்டு மெக்கானிக்கிட்ட எவன் மகளே வண்டி விடுவான்? திமிரு பிடிச்ச மெக்கானிக்னா பாதிப் பேராவது வருவான்."

"பட்சிராய்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அமாய்."

அவள் முகம் இறுகியது. அவன் எங்கே கேட்டான், ஊரிலிருந்து வந்தவன் அப்பனிடம் ஒரு வார்த்தை பேசாமல் முகான்யாவிடம் போனவன்தானே என்றாள். மோயோ நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளையின் முதுகுதான் தெரிந்ததாம், தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து தினமும் கொம்பிக்குள் உட்கார்ந்து எதிர்க்கடையையே பார்ப்பாராம். ஒரு வார்த்தை கேட்டால் போதும், இன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுவேன் என்பாராம்.

என் சத்தியம் அந்த இடத்தில் போயிற்று. அவன் கேட்டான் என்றேன். பின்னால் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, மெதுவாகக் கேட்டான் என்றேன்.

அமாய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தவள், நீ வாயைத் திறக்காதே, நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓவராலைக் கழற்றி எறிந்திருப்பேன். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு பெரிதா, உயிரோடு இருக்கிற பிள்ளை பெரிதா?

பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரிடம் விடைபெற்றார்கள். முகான்யாவும் வந்தார், பாவம், நல்ல மனிதர், மூக்கைத் துடைத்துக்கொண்டே போனார். கடைசியில் பட்சிராயின் சித்தப்பா மூத்த மகனைக் கூப்பிட்டார். பட்சிராய் பெட்டியின் கால்மாட்டில் குந்தினான். தலையைக் குனிந்து, கைகளை மெதுவாகத் தட்டினான். ஈ விரட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கே அவன் பேசியது அரைகுறையாகத்தான் கேட்டது.

"அன்னைக்குக் கேட்டேன் பாபா. நீங்க ஒண்ணும் சொல்லல. கோவத்தோட போகாதீங்க. நான் இங்க இருந்து உங்களுக்குத் தொந்தரவு தரல..."

"பட்சிராய்."

அமாய்தான். புருஷனை இழந்தவள் அந்த நேரத்தில் பேசக் கூடாது. எல்லோரும் திரும்பினார்கள்.

"எந்திரிச்சுத் தலைமாட்டுக்குப் போ. சத்தமாச் சொல்லு. உங்கப்பாவுக்குக் காது கேக்காது."

மத்தளக்காரரின் கை நின்றது. சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அமாய் அவரைப் பார்க்கவே இல்லை.

"எத்தனையோ வருஷமாக் கேக்காது. நான்தான் மறைச்சேன். நீ முதுகுக்குப் பின்னால உக்காந்து முணுமுணுத்தா அவருக்கு எப்படிடா தெரியும்? நீ கேக்கவே இல்லைன்னு நெனச்சுட்டே போயிட்டாரு. போ, முகத்தப் பாத்துக் கேளு."

தொடையைத் தட்டிச் சிரித்த வாடிக்கையாளர் தொப்பியைக் கழற்றினார். அவர்தான் முதலில் முகான்யாவிடம் போனவர். பட்சிராய் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் எழுந்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டே தலைமாட்டுக்குப் போனான். முகம் தெரிய மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் எந்த மகனும் அப்பாவிடம் அப்படிக் கத்தியிருக்க மாட்டான்.

"பாபா! என்னைக் கடையில சேத்துக்குங்க!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவன் குரல் உடைந்தது. மறுபடி கத்தினான். கத்திய வாயோடு அவன் அப்படியே நின்றான், அன்றைக்குப் பதிலுக்குக் காத்திருந்த மாதிரியே.

அப்போதுதான் எல்லோருடைய பார்வையும் மெல்ல என் பக்கம் வந்தது. நான் ஓவராலில் இருந்தேன். புதைக்கிற வரைக்கும் நான்தான் மோயோ. பதில் சொல்ல வேண்டியது நான்தான். என்னிடம் ஒரு நையாண்டியும் இல்லை, அழுகைதான் இருந்தது. அமாய் என்னைப் பார்த்து லேசாகக் காலால் தரையை உதைத்தாள்.

நான் அவன் முன்னால் போய் நின்று, அவன் வாயையே உற்றுப் பார்த்தேன். பிறகு மோயோவின் குரலில் சொன்னேன்.

"எதுக்குடா இந்தக் கத்து கத்துற? நான் என்ன செவிடா? வந்ததே லேட்டு. போ, போய் ஜாக்கை எடுத்துட்டு வா."

முதலில் சிரித்தது அமாய். பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்து, அழுது, எது எதென்று தெரியாமல் போயிற்று. பட்சிராய் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைக்காமல், ஆட்களை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனான். அந்தக் கனமான ஜாக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றான்.