ஏலக்காய் மணத்த புகை

முத்துக்கண்ணனுக்குத் தலைவலி கண்ட நாளிலெல்லாம் அவன் மூச்சு பட்ட நெருப்பு அணைந்தது. வலி நெற்றிப்பொட்டில் ஆணி இறக்கின மாதிரி தொடங்கி, பிடரிக்கு இறங்கி, பொழுது சாய்வதற்குள் கண்ணைத் திறக்கவிடாது. அந்த நேரத்தில் அவன் டீக்கடைப் பக்கம் போனால் பாய்லருக்குக் கீழே கரி கறுத்தது. வடை சுடும் அய்யம்மாள் அவன் வருவதைப் பார்த்ததும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவன் தெருமுனை தாண்டினபிறகு அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். பீடி குடிக்கிறவர்கள் கையைப் பின்னால் கொண்டுபோனார்கள். அவன் ஊதவில்லை, சும்மா மூச்சு விட்டான், அவ்வளவுதான். ஏலக்காய் கிலோ ஆயிரத்து இருநூறுக்கு விற்ற வருஷம் இது தொடங்கியது.

போடிக்கு மேற்கே, முந்தல் சாலையில், ஏலத்தோட்டக்காரர் சங்கம் ஒன்று சொந்தமாகத் தீயணைப்பு வண்டிக் கொட்டகை வைத்திருந்தது. மலையில் விறகு போட்டு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் வருஷத்துக்கு நாலைந்தாவது எரியும். வண்டி இரண்டு, ஒன்று பழசு, ஒன்று புதுசு. டிரைவர்களும் இரண்டு பேர், மகாராஜனும் முத்துக்கண்ணனும். இருவரும் போடிமெட்டு மலைச் சாலையில் லோடு ஜீப்பு ஓட்டி முதுகுத்தண்டு தேய்ந்தவர்கள். வேலைக்குச் சேர்ந்ததில் மகாராஜன் நாலு நாள் மூத்தவன். புது வண்டி வந்தால் எவன் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றுகிறானோ அவனுக்கே வண்டி என்பது கொட்டகை வழக்கம். புது வண்டி வந்த அன்று மகாராஜன் தேவாரம் ஊரில் மச்சினன் மகள் சடங்கில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். வெற்றிலை போட்ட வாயோடு அவன் திரும்பி வந்தபோது வாசலில் முத்துக்கண்ணன் உடைத்த பூசணிச் சில்லுகளை மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவனுக்குப் பூசணிக்காய்க் கூட்டு தொண்டையில் இறங்கவில்லை.

ஆறாம் மாதம் புது வண்டியின் புகைக்குழாய், என்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் மூட்டு விட்டது. தொட்டி நிறையத் தண்ணீரோடு போடிமெட்டு வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது, பின்னால் போகவேண்டிய புகை டிரைவர் சீட்டுக்கு அடியில் வந்தது. முத்துக்கண்ணன் மலையில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். ஏலக்காய்ச் சாக்கு ஒன்றைக் கிழித்து, களிமண்ணில் முக்கி, குழாய் மூட்டின் மேல் சுற்றிக் கம்பி போட்டு இறுக்கினான். புகை குறையவில்லை. சாக்கில் ஒட்டியிருந்த ஏலத்தூசி சூட்டில் வெந்து, கேபின் பாயசம் வைத்த வீடு மாதிரி மணந்தது. போடியில் ஏலக்காய் மணக்கிற எதையும் விஷம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சளிக்கும் அதுதான், குமட்டலுக்கும் அதுதான், பிள்ளைகள் படிப்புக்கும் அதுதான். சாக்கு எரிந்து போகப்போக அவன் புதுச் சாக்கு சுற்றினான். தலைவலிக்குத் தைலம் தடவினான்.

அந்தக் கார்த்திகையில் தோட்டக்காரர் எட்வர்டின் ஸ்டோர் தீப்பிடித்துக்கொண்டது. இரண்டு வண்டியும் போயின. மகாராஜன் குழாயைப் பிடித்து முக்கால் மணி நேரம் தண்ணீர் அடித்தான், கைத்தோல் உரிந்தது. முத்துக்கண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கி, வாசல் நிலையில் சாய்ந்து, ஐந்தாறு தடவை நீளமாக மூச்சு விட்டான். தீ படுத்துவிட்டது. பரணில் இருந்த எண்பது மூட்டையில் ஒன்றுகூடக் கருகவில்லை. எட்வர்டு அவனுக்குச் சால்வை போர்த்தினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆளுயரத்துக்குப் படம் வைத்தார். படத்தின் ஓரத்தில் மகாராஜனின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது. சந்தைக்குப் போய்வந்த அவன் மனைவி சந்திரவல்லி சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஒங்க முழங்கை நல்லா வெளிச்சமா விழுந்திருக்கு. எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு" என்றாள். மகாராஜன் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான்.

வண்டி செய்த கம்பெனியின் கடிதம் தை மாதம் பதிவுத் தபாலில் வந்தது. சங்கச் செயலாளர் மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். கொட்டகையில் இருந்த மகாராஜன் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தான். அந்த வரிசையில் செய்த வண்டிகள் எல்லாவற்றிலும் புகைக்குழாய் மூட்டு பழுது, புகை டிரைவரின் உயிருக்கு ஆபத்து, வண்டியை உடனே நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. அவன் இரண்டு தடவை படித்தான். உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில் அவன் கண் நிற்கவில்லை. சால்வையும் படமும் சாமியால் வரவில்லை, ஓட்டைக் குழாயால் வந்திருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது. பூசணிக்காயைத் தான் உடைத்திருந்தால் அந்த மூச்சு தன்னுடையது. கடிதத்தை மடித்துத் தன் தகரப்பெட்டியில் காக்கிச் சட்டைக்கு அடியில் வைத்தான். ஒரு வாரம் இருக்கட்டும் என்று நினைத்தான்.

முத்துக்கண்ணனின் ஓய்வு நாளில் புது வண்டி மகாராஜன் கைக்கு வரும். அவன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, மூக்கு நிறைய இழுத்தான். யாராவது கேட்டால் வண்டியைச் சூடேற்றுகிறேன் என்றான். நாலு வாரம் இப்படி இருந்தான். வாந்தி வந்தது, கால் தள்ளாடியது, தலை இரண்டாகப் பிளந்தது. வீட்டில் தீக்குச்சியைக் கிழித்து மூக்குக்கு நேரே பிடித்தான். சுடர் அசையாமல் நின்று விரலைச் சுட்டது. ஊதினால் அணைவது எல்லோருக்கும்தான். ஊதாமல் அணைய வேண்டும். அணையவில்லை. அதற்குள் வாரம் நாலு ஆகிவிட்டது. இத்தனை நாள் மறைத்த கடிதத்தை இனி எடுத்துக் கொடுத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். கடிதம் பெட்டியிலேயே கிடந்தது.

முத்துக்கண்ணன் தேய்ந்தான். உதடு நாவற்பழம் தின்றவன் மாதிரி நீலமானது. அவன் வீட்டில் இருக்கும்போது அடுப்பில் தீ நிற்காததால் மனைவி அமுதவள்ளி பக்கத்து வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தாள். மகளைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டு, பேர் வராமல், "ஆத்தா, இங்க வா" என்று சமாளித்தான். பங்குனியில் தீச்சட்டி எடுக்கும் பெண்கள் கூட்டமாக வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, மூன்று நாள் மட்டும் ஊருக்கு வெளியே இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவன் பொட்டிபுரத்தில் சொந்தக்காரர் தோட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். மகாராஜனுக்கு அன்று பகல் முழுக்க வயிறு எரிந்தது. தன்னை ஊரைவிட்டுப் போகச் சொல்லக்கூட இந்த ஊருக்குத் தோன்றாது என்று நினைத்தான்.

வண்டி வந்த பதினோராவது மாதம், சங்கத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் பவித்ராவின் மேசைக்கு இரண்டாவது கடிதம் வந்தது. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை என்று எழுதி, தபால் ஒப்புகை அட்டையின் நகலையும் வைத்திருந்தார்கள். அவள் படித்த உடனே வண்டிச் சாவியை வாங்கிப் பூட்டினாள். பிறகு இருவரையும் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, நகலை நீட்டினாள்.

"மகாராஜண்ணே, இது ஒங்க கையெழுத்துதான?"

மகாராஜன் நகலை வாங்கித் திருப்பிப் பார்த்தான். முத்துக்கண்ணன் அவனைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"எங்கிட்டத்தான் குடுத்திருப்பாரு மேடம். நம்ம வண்டிக் கடுதாசில்ல? எனக்கு எம்மக பேரே இப்ப நிக்க மாட்டேங்குது. எங்க வச்சு மறந்தேனோ. அண்ணே மேல தப்பு இருக்காது."

"கேக்குறது அவரை" என்றாள் பவித்ரா. "குடுத்தீங்களாண்ணே?"

முத்துக்கண்ணன் நீல உதட்டால் சிரித்து, தனக்காக மகாராஜன் தயங்குவதாக நினைத்து, "சொல்லுங்கண்ணே, பரவால்ல" என்றான்.

"குடுத்தேன்" என்றான் மகாராஜன்.

வண்டி கம்பெனிக்குப் போயிற்று. முத்துக்கண்ணனுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதப்பட்டது. அவனைப் பழைய வண்டிக்கு மாற்றினார்கள். பழியைக்கூட அவனே எடுத்துக்கொண்டு பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்பது மகாராஜனுக்குச் சால்வையைவிட அதிகம் எரிந்தது.

நாற்பது நாளில் புதுக் குழாயோடு வண்டி திரும்பியது. இந்தத் தடவை பூசணிக்காயை மகாராஜன் உடைத்தான். கேபினில் பெயின்ட் வாடை தவிர எதுவும் இல்லை. முத்துக்கண்ணனுக்குத் தலைவலி விட்டது, உதடு பழைய நிறத்துக்கு வந்தது, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். மூச்சு மட்டும் மாறவில்லை. இப்போது வலி இல்லாத நாளிலும் நெருப்பு அணைகிறது. அமுதவள்ளி கரண்டு அடுப்பு வாங்கிவிட்டாள். டீக்கடைக்காரர் பாய்லருக்கு முன்னால் தகரம் அடித்தார். தீச்சட்டி இறக்கி முடித்தபின் கங்கு கிடக்கும் தெருக்களில் கோயில்காரர்களே அவனை ஒரு தடவை நடந்துவரச் சொல்கிறார்கள். அவனும் போய் வருகிறான். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால்தான் அது ஊருக்கு ஞாபகம் வருகிறது.

காலையில் இருவரும் ஒரே தொட்டியில் தண்ணீர் மொண்டு தத்தம் வண்டியைக் கழுவுகிறார்கள். முத்துக்கண்ணன் இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். கடிதத்தை மறைத்தது நான்தான் என்ற ஒரு சொல் மகாராஜன் அவனுக்குத் தரவேண்டிய கடன். அதை அவன் இன்னும் தரவில்லை.