பெட்டிக்குள் இல்லாத கடிதம்

மூன்று கம்பிகளையும் சொருகிவிட்டு மின்சாரம் கொடுத்தான். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. மடிக்கணினித் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. செத்துவிட்டதோ என்று நினைத்தவன் தன் தலையில் தட்டிக்கொண்டான். பேசும் கம்பியைக் கேட்கும் கம்பியோடு மாட்டாமல் பேசும் கம்பியோடே மாட்டியிருந்தான். அந்தக் காலத்திலும் முதல் தடவை இப்படித்தான் மாட்டுவான். "உன் வாய் என் காதுக்கு வரணும்டா ஆந்தை. வாயும் வாயும் சேர்ந்தா எச்சில்தான் மிஞ்சும்" என்பான் கூட வேலை பார்த்த ஆறுமணி.

உள்ளங்கையளவு ஏஆர்எம் போர்டு அது, ஒற்றை அட்டையில் அடங்கிய சின்னக் கணினி. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. அதனிடம் பேச அந்தக் கம்பிகள்தான் வழி. காலையில் அக்கா வீட்டு ரௌட்டர் புகைந்து அடங்கிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவளுக்கு நாலு மணிக்கு மீட்டிங். கடைக்குக் கிளம்பியவளை, தன்னிடம் ஒரு போர்டு இருக்கிறது, அதில் பிஎஸ்டி போட்டு ரௌட்டராக்கித் தருகிறேன் என்று நிறுத்தியது இவன்தான். வேலையை விட்டு அவள் வீட்டில் வந்து ஒண்டிய இரண்டு வருடத்தில் தானாக முன்வந்த முதல் காரியம். அது கணினியை இயக்கும் மென்பொருள் என்று விளக்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "பிஎஸ்டியா? அது நீ எந்த வருஷம் பாதியில விட்ட படிப்புடா?"

முன்பு சர்வர் அறையில் இவனுக்கு இரவு வேலை, ஆறுமணிக்குக் காலை வேலை. கடிகாரம் ஆறு காட்டும்போது கதவு திறக்கும். இருவர் பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். இருவரும் சந்திப்பது பத்து நிமிடம். மேசை மூலையில் இந்த போர்டை வைத்து, இரவில் இவன் ஒன்றைக் கட்டுவான், பகலில் அவன் அதை உடைத்துச் சரிசெய்வான். சேதியெல்லாம் காகிதத்தில் இல்லை. கடவுச்சொல் அடித்து உள்ளே நுழைந்ததும் போர்டு காட்டும் வரவேற்பு வரியில் எழுதி வைப்பார்கள். விசிறி சத்தம் போடுகிறது, பிளாஸ்க்கில் டீ மிச்சம் இருக்கிறது, உன் மூஞ்சியைக் கழுவு.

ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு இவன் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். பெரிய காரணம் ஏதுமில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இவன் போன பிறகு இரண்டு சர்வர்கள் சூடேறி நின்றன. ஆறு மணிக்கு வந்தவன் காலி நாற்காலிக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ஒரு மாதம் கழித்து அக்கா விலாசத்துக்கு ஆறுமணியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே போர்டு மட்டும். பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான், அட்டையைப் பிரித்துப் பார்த்தான். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மூஞ்சியில் விட்டெறிந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டு பரணில் போட்டதுதான்.

கம்பிகளை மாற்றிச் சொருகினான். எழுத்துகள் கொட்டின. கடவுச்சொல் விரல்களுக்கு நினைவிருந்தது. புதியதைப் போடுமுன் போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நுழைந்தான். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் எதிரே நின்றது.

"ஆந்தை, விசிறி மாத்தியாச்சு. உன் பிளாஸ்க் என்கிட்ட இருக்கு. 'மணி'ன்னு ஒரு ஃபைல் வச்சிருக்கேன். போர்டு நெட்டுக்கு வந்தா எனக்குத் தகவல் வரும், நான் உள்ள வருவேன். வேணாம்னா அழிச்சுடு. திட்டத்தான் போறேன், ஆனா அதுக்காக மட்டும் இல்ல."

அதை எழுதிய தேதியைப் பார்த்தான். பார்சல் போட்ட நாள். காகிதத்தில் எழுதியே பழகாதவனிடம் காகிதத்தைத் தேடியிருக்கிறான், முட்டாள்.

"என்னடா, ஆச்சா?" அடுத்த அறையிலிருந்து அக்கா. மணி மூன்று பத்து.

போர்டுக்கு இருந்தது ஒரே மெமரி கார்டு. புதியதை எழுதினால் பழையது துடைத்துக்கொண்டு போகும். 'மணி'யை மடிக்கணினியில் எடுத்து வைத்தான். எடுத்து வைப்பதில் ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்லிக்கொண்டான். கார்டில் புதிய பிஎஸ்டியை எழுதி, போர்டில் திரும்பச் செருகினான். நிறுவும் நிரல் ஒவ்வொன்றாய்க் கேட்டது: எந்தக் கார்டு, என்ன கடவுச்சொல், இயந்திரத்துக்கு என்ன பெயர். பெயரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பழையதையே அடித்தான்.

மூன்று நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. அந்த ஃபைல் இல்லாமலே அக்காவுக்கு நெட் கிடைக்கும். ஆறுமணிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. இரண்டு வருடம் தெரியாமலே போயிற்று.

"டேய், சொல்லிடு. முடியலன்னா மாடி வீட்டுல போய் உக்காந்துக்கறேன். ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"முடிஞ்சிருச்சுக்கா. ஒரு நிமிஷம் இரு."

ஃபைலை உள்ளே போட்டான். நெட் வயரைச் சொருகினான். ஆரஞ்சு விளக்கு தடுமாறிப் பச்சையானது.

"வந்துருச்சு" என்றாள் அக்கா, கொஞ்சம் ஆச்சரியமாக. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அலுவலகக் குரலில் யாரிடமோ பேசத் தொடங்கினாள்.

வேலை முடிந்தால் அந்த மூன்று கம்பிகளைக் கழற்ற வேண்டும். ஆறுமணி உள்ளே வந்தால் அவற்றின் வழியாகத்தான் தெரியும் என்று இவன் கழற்றவில்லை. கறுப்புத் திரையில், அடுத்த எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம் விட்டுவிட்டு மின்னியது. அதற்கு வலப்பக்கம் வரி முழுக்கக் காலியாக இருந்தது.