வெள்ளிக்கிழமைத் திருகு

"வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க ஒனக்கு யாருட்டி படிச்சுக் குடுத்தா?" என்று மேலகரம் பள்ளிக்கூடத்தில் ரெபேக்காள் டீச்சர் ஒருநாள் கேட்டார். குருவம்மாளுக்கு அப்போது பத்து வயது. யாரும் படித்துக் கொடுக்கவில்லை. முன்பல் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றால் கை தானாகவே வாய்க்குப் போய்விடுகிறது. இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவளாகிப் பள்ளிக்கூடம் நின்ற பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. தங்கச்சி மாரித்தாய்க்குப் பால்பல் விழுந்து, அதே போல நான்கு பல் முளைத்து வந்தபோது குருவம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி உண்டானது. அந்த நிம்மதியும் அதிக நாள் நிலைக்கவில்லை. மாரித்தாய் வாயைப் பொத்தவே இல்லை. நான்கு பல்லும் ஈறும் தெரிய, அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பல்தான். ஆனால் அவளிடம் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அவர்கள் அப்பா பரமசிவனுக்கு அரைக்கோட்டை விதைப்பாடு நிலமும் இரண்டு எருமையும் இருந்தன. சாரல் காலத்தில் குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து தங்கும் பட்டணத்துக்காரர்களுக்குப் பால் ஊற்றுவார். அந்த வருஷம் ஐந்தருவிச் சாலைப் பங்களா ஒன்றில் சென்னையிலிருந்து ஒரு பல் டாக்டர் மூன்று மாதத்துக்கு வந்து இறங்கினார். சாய்கிற நாற்காலி ஒன்றும் இரண்டு பெட்டிகளும் கூடவே வந்தன. முதலில் ஜனங்கள் நாற்காலியைப் பார்க்கத்தான் போனார்கள். ஒருநாள் செம்பில் பால் கொண்டுபோன மாரித்தாய் அந்த நாற்காலி சாய்வதைப் பார்த்துச் சிரிக்க, டாக்டர் அவள் வாயையே பார்த்தார்.

"பால்காரரே, இந்தப் பல்லை உள்ளே கொண்டுபோய்விடலாம், தெரியுமா?"

பரமசிவனுக்குத் தெரியாது. பல்லைப் பிடுங்குவது தெரியும். தென்காசியில் ஒருவர் முன்பல்லைப் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைத்தார்; பல்லுக்கு மூன்று ரூபாய். இருக்கிற பல்லை நகர்த்துவது என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார். குருவம்மாள் நாற்காலியில் சாய்ந்தபோது கண்ணாடி பதித்த கரண்டியின் குளிர்ச்சி நாக்கில் பட்டது. அவள் பல்லை இத்தனை நேரம், இத்தனை பொறுமையாக, முகத்தைச் சுளிக்காமல் யாரும் பார்த்ததில்லை. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். சின்னவளுக்குப் பதின்மூன்று வயது. எலும்பு இளசு. ஒரு வருஷம் போதும், அறுபது ரூபாய். பெரியவளுக்குப் பதினெட்டு. முடியாது என்றில்லை. இரண்டு வருஷம் பிடிக்கும், நூற்றிருபது ரூபாய். பரமசிவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது குருவம்மாள் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். யாருக்கு வேண்டும் இது? செங்கோட்டையில் போலீஸ்காரனாக இருக்கும் அத்தை மகன் செல்லச்சாமிக்குத்தான் குருவம்மாள் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்தது. இரண்டு வருஷமாக அத்தை அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல் உள்ளே போனால் பேச்சு வெளியே வரும். அப்பாவுக்கு இது புரியாமலா இருக்கும்? ஓர் எருமையை விற்றால் பாதிப்பணம் வந்துவிடும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செல்லச்சாமியின் அம்மா உச்சிமாகாளி அத்தை வந்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்டாள். வெற்றிலையை ஓரக்கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து முப்பது ரூபாயை எண்ணிப் பாயில் வைத்தாள். அடுக்களையில் உலை வைத்துக்கொண்டிருந்த குருவம்மாள் முப்பதையும் கூடவே எண்ணினாள்.

"பாதி நான் தாரேன், தம்பி. சின்னவளுக்குப் போட்டுரு."

அம்மா பதறிப்போனாள். "என்ன மதினி, மூத்தவ நிக்கையில..."

"மூத்தவளுக்கு வரும்போது வரும். நீயே கணக்குப் பாரு. இவளுக்குக் காசும் ரெட்டிப்பு, காலமும் ரெட்டிப்பு. சின்னவளுக்கு ஒரு வருசத்துல பல்லும் சரியாயிரும், பதினாலு வயசும் திகைஞ்சிரும். அதுக்குள்ள கட்டக்கூடாதுன்னு சட்டம் பேசி எவனும் வரமாட்டான். செல்லச்சாமி இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டல் சோறு திங்க?"

உலை கொதித்து அடுப்பில் வழிந்தது. குருவம்மாள் தட்டை எடுக்கவில்லை.

ஆவணி கடைசியில் தகடு தயாரானது. மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சிவப்புக் கெட்டி ரப்பர்த் தகடு. பல்லைச் சுற்றிக் கம்பி. நடுவில் சின்னத் திருகு. ஊசி மாதிரி ஒரு சாவியும் இருந்தது. ஏழு நாளைக்கு ஒருமுறை தகட்டை வெளியே எடுத்து, சாவியை விட்டுக் கால்வாசி திருப்பி மாட்ட வேண்டும். இரண்டு நாள் வலிக்கும், வலித்தால்தான் பல் நகர்கிறது என்றார் டாக்டர். அடுத்த சாரலுக்குள் நாற்பது திருப்பு முடிந்திருக்க வேண்டும். யார் செய்வது? அம்மாவுக்குக் கை நடுங்கும். டாக்டர் குருவம்மாளின் விரல்களைப் பார்த்தார்.

"நீ செய், அம்மா. உனக்குக் கை நிதானமாக இருக்கிறது."

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு என்று அம்மா நாள் குறித்தாள். அக்காவும் தங்கச்சியும் கொல்லையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று குருவம்மாள் ஒரு வாரமும் தப்பாமல் திருப்பினாள். அன்று இரவு மாரித்தாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். ஞாயிற்றுக்கிழமை வரை கஞ்சிதான் குடிப்பாள். பொங்கலுக்குள் பல் நகர்ந்தது கண்ணுக்கே தெரிந்தது. மேலுதடு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தன் கையாலேயே தனக்கு வர வேண்டியதைத் தங்கச்சிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுகிறோம் என்று குருவம்மாளுக்குத் தோன்றியது.

அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீரான பொங்கல்படியை வாங்க வந்த செல்லச்சாமி குருவம்மாளிடம், "தண்ணி கொண்டா, குருவு," என்றான். மாரித்தாயிடம், "எங்கட்டி, பல்லக் காட்டு பாப்போம்," என்றான். மாரித்தாய் காட்டினாள். "அடேயப்பா! சர்க்கார் வேலைக்காரன் பொண்டாட்டி கணக்கா ஆயிட்டாளே!" என்று அவன் சிரித்தான். செம்பை நீட்டிக்கொண்டு நின்ற குருவம்மாளை அவன் பார்க்கவில்லை, செம்பை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அவன் போன பிறகு மாரித்தாய் கேட்டாள், "யக்கா, இது எப்ப முடியும்?"

"ஏன்?"

"முடிஞ்ச ஒடனே அத்தை வீட்டுக்கு அனுப்பிருவாவளா?"

அவசரத்தைப் பாரு, என்று குருவம்மாள் நினைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை சாவியைத் திருகில் விட்டாள். நுனி உட்கார்ந்தது. ஒன்று இரண்டு மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். திருப்பாமலே வெளியே எடுத்தாள். "ஆ காட்டு," என்று சொல்லித் தகட்டை மாட்டினாள்.

அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளியும். ஒரு மாசம் கழித்து மாரித்தாய், "இப்பல்லாம் வலிக்கவே இல்லக்கா," என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள். மறுவாரம் திருப்பிவிடலாம் என்று குருவம்மாள் நினைத்துக்கொண்டாள். மறுவாரமும் திருப்பவில்லை.

பங்குனியில் ஒருநாள் மாரித்தாய் தகட்டைக் கழற்றிச் சுவர்ப் பிறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. குருவம்மாள் அதை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். ரப்பரும் எச்சிலுமாக ஒரு வாடை. அவள் அண்ணத்தில் அது பொருந்தவில்லை. கம்பி அவள் பல்லைச் சுற்றி வராமல் ஈறில் குத்தியது. இன்னும் அழுத்தினாள். கண்ணில் நீர் வந்தது. அவளுக்கென்று ஓர் அளவை அந்த டாக்டர் எடுக்கவே இல்லை. தகட்டைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள். ஈறுப்புண் ஆற ஐந்து நாள் ஆனது.

அடுத்த ஆனியில் சாரல் தொடங்கியதும் டாக்டர் வந்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவருக்கு நெற்றி சுருங்கியது.

"நாற்பது வந்திருக்க வேண்டும். பதினேழில் நிற்கிறதே? சாவி யாரிடம் இருந்தது?"

பரமசிவன் குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கை முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டது. மாரித்தாய் நாற்காலியில் சாய்ந்தபடியே அக்காவைப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான் டாக்டரய்யா. வலிக்குதுன்னு திருப்பவே விடல. அக்கா பாவம், கெஞ்சத்தான் செஞ்சா."

வெளியே வந்ததும் பரமசிவன் மாரித்தாயின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். இன்னும் முக்கால் வருஷம், இன்னும் இருபது ரூபாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தகவல் போய், மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை அத்தை வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"சுந்தரபாண்டியபுரத்துல பொண்ணு கெடக்கு. பல்லு வரிசையா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வாரேன். எம் முப்பது ரூவாய அறுப்புக்குள்ள குடுத்திரு, தம்பி."

செல்லச்சாமி இனி இந்த வீட்டில் யாருக்கும் இல்லை. குருவம்மாள் நெடுநாளாகக் கேட்க விரும்பியது இதைத்தான். கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. கொல்லைக்குப் போனாள். மாரித்தாய் வாய்க்கால் கல்லில் குந்தித் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக் கன்னம் இன்னும் கன்றியிருந்தது. மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, பொங்கலுக்குப் பொறவு வலியே இல்லல்லா. ஒனக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

மாரித்தாய் தகட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள்.

"தெரிஞ்சும் ஏன்ட்டி சொல்லல? அன்னைக்கும் எம்பேர ஏன் சொல்லல?"

"அத்தை வீட்டுக்குப் போகவா எனக்கு ஆச?" என்றபடி மாரித்தாய் எழுந்தாள். தகட்டை வாயில் வைக்காமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினாள். சாவியைத்தான் கேட்கிறாள் என்று குருவம்மாளுக்குப் புரிந்தது. அது அவள் முந்தானை நுனியில் முடிந்து கிடந்தது. ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிளறினாள், நெகிழவில்லை. குனிந்து முன்பல்லால் கடித்து இழுத்தாள். மாரித்தாய் பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது. உள்ளங்கையில் விழுந்த சாவியை மூடிக்கொண்டு, பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி, மாரித்தாய் வரப்பில் ஏறிச் சாரலுக்குள் நடந்து போனாள்.