நாலு விரற்கடை வளைவு

பக்கத்து ஊர் வெண்ணிலா வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பச்சை பெயிண்ட் களைவண்டியைப் பார்த்ததும் தேவிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? முன்னால் ஒரு பழைய சைக்கிள் சக்கரம், அதன் பின்னால் மண்ணைச் சீவுகிற தகடு, நின்றபடியே தள்ளிப்போக இரண்டு கைப்பிடி. அச்சு அசலாக அவளுடைய வண்டி. வலது கைப்பிடி நேராக இருக்க, இடது கைப்பிடி மட்டும் நாலு விரற்கடை கீழே இறங்கி உள்பக்கம் திரும்பியிருந்தது. அதுவும் அவளுடையதுதான்.

“இது ஏதுடி?”

“ஏம்பலத்துல உலகநாதன் பட்டறைல வாங்கினேன்க்கா. அவரே கண்டுபுடிச்சாராம். பாகூர் விவசாய மேளாவுல வெக்கப் போறாராம்.”

கண்டுபிடித்தாராம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்று பண்டசோழநல்லூர் கரும்புக் கொல்லைகளைக் கேட்டால் சொல்லும். எட்டுப் பெண்கள் கொண்ட களையெடுக்கும் செட்டுக்குத் தேவிதான் தலைவி. மூன்று வருஷத்துக்கு முன்னால் கரும்பு லோடு லாரியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு உடைந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மடங்கவில்லை. உட்கார்ந்து களைக்கொத்து பிடிக்க முடியாமல் போயிற்று. அதற்காக வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு கிடக்கிற ஆளா அவள்? சக்கரத்தைத் தேடினாள், குழாயைத் தேடினாள், கட்டிக் கட்டிப் பிரித்தாள். கடைசியில் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு உலகநாதன் வெல்டிங் பட்டறைக்குப் போய், “இன்னும் கொஞ்சம் எறக்குடா... உள்ளாற திருப்பு... ஆங், அதான்” என்று பக்கத்திலேயே நின்று, தன் கைக்கு வாகாக வளைத்து வாங்கினாள்.

அன்றைக்கு உலகநாதன் வண்டியைப் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். “சூப்பரா கீதுக்கா” என்றான். இந்தப் பைத்தியக்காரி பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறாள்.

வெண்ணிலா வீட்டிலிருந்து திரும்பி வந்து சொன்னதும் புருஷன் மாரிமுத்து சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “விட்றி. பேரா சோறு போடப் போவுது?” என்றான்.

“சோறு நான் போட்டுக்கிறேன்யா. எம்பேர அவன் இன்னாத்துக்கு எடுத்தான்? அதுக்கு பதில் சொல்லு.”

அவன் தட்டைக் கழுவ எழுந்து போனான். ஆனால் மேளா அன்று காலையில், முனகிக்கொண்டேதான் என்றாலும், அவளுடைய துருப்பிடித்த வண்டியை பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினான். அதற்காக அவனை மன்னித்துவிடலாம்.

பாகூரில் மைதானம் முழுக்கக் கூட்டம். உலகநாதனின் ஸ்டால் வாசலில் ஆளுயர பேனர். அதில் அவனே கையைக் கட்டிக்கொண்டு மந்திரி மாதிரி நின்றான். கீழே ‘எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு’ என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் முப்பது பச்சை வண்டிகள் வரிசையாக நின்றன. முப்பதிலும் இடது கைப்பிடி நாலு விரற்கடை இறங்கியிருந்தது. ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான்!

சுற்றுவட்டார மகளிர் குழுக்களுக்கு எந்தக் கருவியைச் சிபாரிசு செய்யலாம் என்று தேர்ந்தெடுக்க அர்ச்சனா என்ற வேளாண்மை அதிகாரி வந்திருந்தாள். செய்தவர் பெயரோடு சான்றிதழும் உண்டு. உலகநாதன் அவளிடம் அரை மணி நேரமாக மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். தேவி கூட்டத்துக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தாள். போய்ச் சண்டை போட்டால் யார் நம்புவார்கள்? அவனிடம் பேனர் இருக்கிறது. இவளிடம் ஒரு துருப்பிடித்த வண்டி.

அப்போது வெண்ணிலாதான் வாயைத் திறந்தாள். “மேடம், களை நல்லாத்தான் எடுக்குது. ஆனா ஒரு மணி நேரம் தள்ளினா எடது மணிக்கட்டு வீங்கிப் போவுது. இத பாருங்க.”

கூடவே அவனிடம் வண்டி வாங்கிய இன்னும் மூன்று பெண்கள் தங்கள் இடது கையைக் காட்டினார்கள். அர்ச்சனா தானே ஒரு வண்டியைப் பிடித்து, ஓட்டிப் பார்ப்பதற்காகக் கொத்திவிட்டிருந்த மண்ணில் பத்தடி தள்ளிப் பார்த்தாள். நின்று கையை உதறிக்கொண்டாள்.

“வலது பக்கம் சரியா இருக்கு. இடது பக்கம் ஏன் இப்படி வளைச்சிருக்கீங்க?”

உலகநாதன் திருதிருவென்று முழித்தான். “அது... காத்து மேடம். எதிர்காத்த வெட்டிக்கினு போறதுக்கு. ஆராய்ச்சி பண்ணித்தான் வெச்சிருக்கோம்.”

“கரும்புக் கொல்லைக்குள்ள இன்னாடா எதிர்காத்து?” என்று யாரோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அதற்குமேல் தேவியால் நிற்க முடியவில்லை. நேராக உள்ளே போய் அவன் வண்டியையே பிடித்தாள். மண்ணில் அந்தக் கோடிவரைக்கும் ஒரே மூச்சில் தள்ளி, திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாள். முகத்தில் ஒரு சுளிப்பில்லை. இடது கையை உயரத் தூக்கி, தழும்பு தெரிய வளையலை ஒதுக்கினாள்.

“காத்துக்கு இல்ல மேடம். இந்தக் கைக்கு. உள்ள பிளேட் கீது, பின்னால மடங்காது. அதுக்குத்தான் நாலு விரக்கடை எறக்கி வளைச்சேன். இவன் பட்டறைலதான் வளைச்சேன். நல்லா இருக்கிற கைக்கு இத குடுத்தா வீங்காம இன்னா செய்யும்?”

அர்ச்சனா அந்தக் கையையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இந்த வண்டி மொத்தமும் உங்க யோசனைதானாம்மா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தலையாட்டக் கூட்டம் தயாராக இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் தேவி அதை விழுங்கிவிட்டாள்.

“இல்ல மேடம். சக்கரம் வெச்சு தள்றத ஆந்திராக்காரர் ஒருத்தரு போன்ல காட்னாரு. தகடு உங்க டிபார்ட்மெண்ட்டு குடுத்த வண்டியப் பாத்து அடிச்சது. பிடி மட்டுந்தான் என்னுது.”

உலகநாதனுக்கு உயிர் வந்தது. “பாத்தீங்களா மேடம்! அதுவும் காப்பிதான். இதுல நான் பண்ணா மட்டும் தப்பா?”

தேவி அவன் பக்கம் திரும்பினாள். கோபம் போய் வேறு ஏதோ ஒன்று அவளை நிமிர்த்தியிருந்தது.

“எடுத்தேன்டா, ஒத்துக்கிறேன். யாருகிட்ட எடுத்தேன்னு சொல்லிட்டேன். எதுக்கு எடுத்தேன்னு கேளு, அதுவும் சொல்லுவேன். தகடு ஏன் சாஞ்சிருக்கு, சக்கரம் ஏன் முன்னால கீது, எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் கீது. உன்னக் கேட்டா காத்துன்றியே, அதான்டா தப்பு.”

முதலில் கை தட்டியது மாரிமுத்து. அதன்பிறகு கேட்க வேண்டுமா? விசில் சத்தத்தில் மைக்செட் பாட்டே அடங்கிப்போயிற்று. அர்ச்சனா சான்றிதழில் தேவி, பண்டசோழநல்லூர் என்று எழுதினாள். சிபாரிசும் தருவதாகச் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு: வாங்குகிறவளின் உயரத்துக்கும் கைக்கும் தகுந்தபடிதான் பிடி வைக்க வேண்டும்.

நிபந்தனை எழுதுவது சுலபம். குழாயை வளைக்க காஸ் வேண்டும், பட்டறை வேண்டும். தேவியிடம் அது ஏது? உலகநாதனிடமோ விற்ற வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து குவிந்தன. மூன்றாம் நாள் அவனே பண்டசோழநல்லூருக்கு வந்தான். வீட்டுக்குள் நுழையத் தைரியமில்லாமல் தெருவிலேயே நின்று, “தப்புதான்க்கா. வந்து அளவு மட்டும் சொல்லு. வர்ற காசுல பாதிக்குப் பாதி” என்றான். தேவி அவனைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கவிட்டாள். நிற்கட்டுமே! பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது ஏம்பலம் பட்டறையில் பெண்கள் வந்து அவள் முன்னால் கையை நீட்டுகிறார்கள். தேவி முழங்கையைப் பிடித்துப் பார்க்கிறாள், எழுந்து நடக்கச் சொல்கிறாள், தோளிலிருந்து இடுப்புவரை சாண் போட்டு அளக்கிறாள். குழாயில் சாக்பீஸால் கோடு இழுக்கிறாள். அந்தக் கோட்டில்தான் உலகநாதன் காஸ் பிடிக்கிறான்.

போன வாரம் கடலூர் பக்கமிருந்து ஒரு பெரிய விவசாயி காரில் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிரமாதமா இருக்குதே! இதோட டிசைன் யாருதுப்பா? உன்னுதா?” என்று உலகநாதனைக் கேட்டார்.

சாக்பீஸோடு குனிந்திருந்த தேவியின் கை நின்றது. காது மட்டும் அங்கே போயிற்று.

உலகநாதன் காஸை அணைத்தான். கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டான்.

“இல்ல சார். அதோ, தேவியக்காவுது. நான் வெறும் பத்தவைக்கிற ஆளு.”

தேவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், “அடுத்து யாரு? கைய நீட்டும்மா” என்றாள்.