வெள்ளிக்கிழமைப் படம்

சுந்தரலிங்கத்தின் போனுக்கு அவருடைய மனைவி புஷ்பம் வைத்த பெயர் சின்னவீடு. "சின்னவீட்டுக்கு சார்ஜ் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலைத் தேநீரையே கையில் கொடுப்பார். மெல்பர்னில் இருக்கும் மகன் சஞ்சீவ் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த போன் அது. முதல் மாதம் அதைத் தொடவே பயந்த மனிதர், இப்போது குளிக்கப் போகும்போது மட்டும்தான் கீழே வைக்கிறார். அதுவும் சந்தேகம் என்பது புஷ்பத்தின் கட்சி.

கண்டி டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவருக்கு இத்தனை வாட்ஸ்அப் குழு எதற்கு என்று கேட்கக் கூடாது. பழைய மாணவர் குழு, வர்த்தகர் குழு, கோயில் குழு, அம்பிட்டியவில் அவர் குடியிருக்கும் வீதிக்கு ஒரு குழு, சொந்தக்காரர் குழு. சொந்தக்காரர்கள் சண்டை பிடித்துக்கொண்டதால் அதிலேயே இரண்டு. எல்லாவற்றுக்கும் பதில் போடுவார். பிறந்தநாளுக்குக் கேக், கல்யாணத்துக்குப் பூங்கொத்து, சாவுக்குக் கும்பிட்ட கை, மிச்சம் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலும் ஒரு ரோஜாப்பூவும். 'சுந்தரலிங்கம் ஒருத்தரையும் விடமாட்டாரு' என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மனிதர் நல்லவர்தான். நல்லவர்களுக்கும் சில நேரம் விரல் கண்ணை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது, என்ன செய்வது?

அவருக்கு இருந்த ஒரே உயிர்ச் சிநேகிதர் முஹைதீன். கண்டியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடை. இடையில் ஒரே சுவர். முஹைதீன் அந்தப் பக்கம் வளையலும் ரிப்பனும் விற்றார், சுந்தரலிங்கம் இந்தப் பக்கம் சட்டியும் பானையும் விற்றார். முஹைதீன் மூத்தவர் என்பதால் நானா, அண்ணன் முறை. நானாவின் மனைவி ரபீகா, மதினி. புஷ்பத்துக்கு ஒப்பரேஷன் நடந்தபோது பெண்கள் வார்டில் சுந்தரலிங்கத்துக்கு இருக்க அனுமதி இல்லை. ரபீகா மதினிதான் பகலெல்லாம் கட்டிலருகே இருந்து கஞ்சி ஊட்டினார், தலை சீவிவிட்டார், ஒரு வெள்ளிக்கிழமை கோயில் விபூதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் புஷ்பத்தின் நெற்றியில் தானே பூசியும் விட்டார். சொந்தத் தங்கைகூட எட்டிப் பார்க்காத நேரம் அது. 

பிறகு முஹைதீனின் மகன் அஸ்ஃபர் கம்பளையில் பெரிதாய் ஒரு கடை போட, குடும்பமே அங்கே போய்விட்டது. கம்பளை என்ன கடல் கடந்தா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவதாகச் சொன்னார்கள், போவதாகச் சொன்னார்கள். வந்தும் போயும் கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் போன் வந்தது, போக்குவரத்து குறைந்தது. காலையில் சுந்தரலிங்கம் ஒரு சூரியன் படம் அனுப்புவார். அங்கிருந்து ஒரு பூ வரும். வெள்ளிக்கிழமை என்றால் முஹைதீன் பக்கமிருந்து 'ஜும்ஆ முபாரக்' படம் வரும்: பச்சைக் கரை, மேலே அரபு எழுத்து, மூலையில் ஒரு பள்ளிவாசல். இங்கிருந்து கட்டைவிரலும் ரோஜாவும் போகும். தினமும் பேசிக்கொள்வது போலவே இருந்தது. கடைசியாய் எப்போது நேரில் கண்டீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், "நேத்துக்கூட..." என்று தொடங்கி, யோசித்து, வாயை மூடியிருப்பார்.

இந்த வெள்ளிக்கிழமை காலையிலும் படம் வந்தது. கடையில் ஒரு பெண் இடியாப்பத் தட்டுகளைப் புரட்டிப் புரட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தாள். வர்த்தகர் குழுவில் பார்க்கிங் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தது. கோயில் குழுவில் தேருக்கு யார் தலைமை என்று இழுபறி. நடுவில் பச்சைக் கரை, அரபு எழுத்து. சுந்தரலிங்கம் கட்டைவிரலை அமுக்கினார், ரோஜாவை அமுக்கினார், தேருக்குத் திரும்பினார்.

பின்னேரம் மழை தூறத் தொடங்கியபோது எதிர்ச் சாரியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஷிஹாப் கடைக்குள் வந்தார். தலையில் தொப்பி இன்னும் இருந்தது. கட்டியிருந்த சாரத்தின் ஓரமெல்லாம் செம்மண்.

"என்ன சுந்தரலிங்கம், அங்க ஒங்களக் காணல்லயே?"

"எங்க?"

"கம்பளைல. ஜனாஸாவுக்கு."

"யாரு ஜனாஸா?"

ஷிஹாப் அவருடைய முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முஹைதீன் நானாட பொஞ்சாதி. விடிய சுபஹுக்கு நெஞ்சு வலின்னு எழும்பினாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முந்தியே மௌத்தாப் பெய்ட்டா. ஜும்ஆவுக்குப் பொறகு அடக்கியாச்சி. ஒங்களுக்குச் சொல்லல்லயா?"

சுந்தரலிங்கம் போனை எடுத்தார்.  காலையில் வந்த படத்தைத் திறந்தார். பச்சைக் கரை இருந்தது, அரபு எழுத்து இருந்தது. அதற்குக் கீழே தமிழில் 'ஜனாஸா அறிவித்தல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ரபீகா என்ற பெயர் இருந்தது. முஹைதீனின் அன்பு மனைவி, அஸ்ஃபர், ரிஸ்னா ஆகியோரின் அன்புத் தாயார். நல்லடக்கம் இன்று ஜும்ஆத் தொழுகையின் பின். அதற்குக் கீழே அவர் போட்ட கட்டைவிரல். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ரோஜாப்பூ. பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாய் இரண்டு நீலக் கோடு.

ஷிஹாபிடம் என்ன சொன்னோம் என்று அவருக்கே நினைவில்லை. அவர் போனபின் சுந்தரலிங்கம் செய்த முதல் காரியம் நல்ல காரியமில்லை. அந்தக் கட்டைவிரலை அழிக்கப் பார்த்தார். விரலை வைத்து அழுத்தினார்; எல்லோருக்கும் நீக்கவா என்று போன் மரியாதையாய்க் கேட்டது. நீக்கினால் நீக்கிய தடம் நிற்கும் என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டார். போன் பழுது என்று சொல்லலாமா, பேரப்பிள்ளை அமுக்கிவிட்டது என்று சொல்லலாமா என்றெல்லாம் மனம் ஓடியது. மெல்பர்னில் இருக்கும் பேரப்பிள்ளை எப்படி அமுக்கும்? நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

புஷ்பத்துக்குப் போன் எடுத்துச் சொன்னார். 

"மதினியா?" என்றார் புஷ்பம். பிறகு அழுதுகொண்டே கேட்டார், "ஏங்க, மொத ஆளா ஒங்களுக்குத்தானே சொல்லியிருப்பாங்க? ஏன் சொல்லல?"

"நான் கம்பளைக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். கடையை வேலைக்கு இருக்கும் நிஷாந்தியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

பஸ்ஸில் போகும்போது, முன்கூட்டியே ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் முகத்தைப் பார்ப்பது லேசாக இருக்குமோ என்று தோன்றியது. 'ஆழ்' என்று அடித்தார். மிச்சத்தைப் போனே எழுதிக் கொடுத்தது: 'ஆழ்ந்த அனுதாபங்கள்'. எத்தனை பேருக்கு அனுப்பியிருந்தால் அதற்கு இப்படிப் பாடமாகியிருக்கும்! முகம் தெரியாத ஆளின் மாமியாருக்கும் அதுதான், ரபீகா மதினிக்கும் அதுதான். எழுத்தை அழித்தார். பேராதனை தாண்டி, கெலிஓயா தாண்டி, கம்பளை வரும்வரை போனை மடியில் கவிழ்த்து வைத்தபடி இருந்தார். அவர்கள் வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. ஜனாஸாவைச் சுணக்க மாட்டார்கள். யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். காலையிலேயே கிளம்பியிருந்தால் சாவகாசமாய் வந்து சேர்ந்திருக்கலாம். அப்போது இடியாப்பத் தட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

வீட்டு முற்றத்தில் தறப்பாள் கட்டி, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். அதிகம் பேர் இல்லை. முஹைதீன் சுவர் ஓரமாய் ஒரு கதிரையில் இருந்தார். இந்த மனிதர் எப்போது இவ்வளவு மெலிந்தார்? தாடி முழுக்க வெளுத்திருந்தது. தினமும் பூ அனுப்பிக்கொண்டிருந்தவரின் தாடி வெளுத்தது சுந்தரலிங்கத்துக்குத் தெரியாது.

"நானா" என்றார்.

முஹைதீன் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதார்கள். அஸ்ஃபர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"மதினி..." என்று ஆரம்பித்தார் சுந்தரலிங்கம்.

"லேசான மௌத்து" என்றார் முஹைதீன். "ஆரையும் கஷ்டப்படுத்தல்ல. ரிஸ்னாதான் பாவம். கட்டார்ல இருந்து போன் எடுத்து, உம்மாட மொகத்த ஒருக்காப் பாக்கணும், நாளைக்கு வரைக்கும் வைங்க வாப்பான்னு கத்துறா. எப்பிடி வைக்கிற? சுணக்கப்படாதே. ஏலாது மகள்னு செல்லிட்டேன்."

சுந்தரலிங்கம் தலையாட்டினார். முஹைதீன் அவருடைய தோளில் கையைப் போட்டார்.

"ஒனக்கு பஸ்ஸு கெடைக்கல்லயா சுந்தரம்?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்டார். சுந்தரலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"காலைல அஸ்ஃபர்கிட்ட கேட்டேன், சுந்தரம் பாத்துட்டானான்னு. பாத்துட்டாரு வாப்பா, கட்டைவெரல் போட்டிருக்காருன்னு காட்டினான். சரி, வாறேன்னு செல்றான்னு நெனச்சேன். பூவும் வெச்சிருந்த, அவக்குத்தான்னு நெனச்சேன். பள்ளில தொழுது முடிஞ்சி அவ கெடந்த சந்தூக்கத் தூக்கப் போனாங்க. கொஞ்சம் இரிங்க, கண்டில இருந்து எங்கட தம்பி வந்துகிட்டு ஈக்கான்னு செல்லி நான்தான் கீழ வைக்கச் சொன்னேன். மழ வேற. சனமெல்லாம் நனையுது. பள்ளி லெப்பை ரெண்டு தரம் வந்து என்னப் பாத்தாரு. நான் ரோட்டப் பாத்துக்கிட்டே நின்னேன். பொறகு ஏலாமத்தான் தூக்கினோம். வழில பஸ்ஸு கிஸ்ஸு ஒடஞ்சிட்டா?"

பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எந்த மனிதனுக்கும் கிடைக்காது. பஸ் உடைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முஹைதீன் நம்பிவிடுவார், நம்புவதற்குக் காத்துக்கொண்டிருந்தார். சுந்தரலிங்கத்தின் நாக்கு நுனிவரை அது வந்தும் விட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"பஸ் கெடச்சிச்சி நானா" என்றார். "நான் காலைல கெளம்பவே இல்ல. நான் அத வாசிக்கல."

முஹைதீனுக்குப் புரியவில்லை. "எத?"

"நீங்க அனுப்புனத. பச்சக் கலரப் பாத்தேன். வெள்ளிக்கெழம வழக்கமா அனுப்புவீங்களே, ஜும்ஆ முபாரக் படம், அதுதான்னு நெனச்சி கையி தன்னால அமுக்கிடிச்சி. கடையிலதான் நின்னேன். பின்னேரம் ஷிஹாப் சொல்லித்தான் எனக்கு மதினி போனதே தெரியும்."

முஹைதீன் சுந்தரலிங்கத்தின் தோளில் இருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தறப்பாளில் தேங்கிய மழைநீரை ஒருவர் தடியால் தள்ளிவிட்டார். அது முற்றத்தில் கொட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப, நான் பெத்த புள்ளைக்குக்கூட வைக்காம, அவள மழைக்குள்ள ஆருக்காகச் சுணக்கினேன் சுந்தரம்?"

கோபமாய்க் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்குத் தப்பிப்போன மனிதர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.  

பக்கத்துப் பள்ளிவாசலில் மாலை மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இருந்த ஒன்றிரண்டு பேர் எழுந்தார்கள். முஹைதீனும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சுந்தரலிங்கத்தை ஒருமுறை பார்த்தார். வழக்கமாய் இப்படி எழுந்து போகும்போது, "இரு, தொழுதுட்டு வாறேன்" என்பார். கண்டிக் கடையில் அத்தனை வருடமும் அப்படிச் சொல்லித்தான் போவார். இன்றைக்கு இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

கண்டிக்குப் போகும் பஸ்கள் இனிக் குறைந்துவிடும். புஷ்பம் வீட்டில் காத்திருப்பார். சுந்தரலிங்கம் எழவில்லை. நானா திரும்பி வந்து தன்னைப் போகச் சொன்னாலும் சரி, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாலும் சரி, அதை நேரில் வாங்கிக்கொள்வது என்று அவர் வீதியைப் பார்த்தபடி கதிரையிலேயே இருந்தார்.